வாசலில் ஒட்டிய குப்பை ஸ்டிக்கர்: அது எதைப் பார்க்கிறது, நாம் எதைக் கேட்கலாம்?

வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கியூஆர் கோடு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்டும்போது பெயர், செல்போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார்கள். ஆதார் எண்ணும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. இப்போது குப்பை வாங்க வரும் அக்கா தினமும் அதைப் போனில் ஸ்கேன் செய்கிறார். போன வாரம் மேஸ்திரி வந்து எங்கள் பையைப் பிரித்துக் கொட்டி, போட்டோ எடுத்து, அடுத்த தடவை அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா? ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிடலாமா?"

கிழிக்காதீர்கள். அந்த ஸ்டிக்கர் உங்களுக்கே ஒரு நாள் சாட்சியாக உதவலாம். அதை ஏன் சொல்கிறேன் என்று கீழே வருகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: ஸ்டிக்கர் ஒட்டியது, விவரங்கள் வாங்கியது, பையைப் பிரித்தது, போட்டோ எடுத்தது. நான்குக்கும் ஒரே பதில் கிடையாது. உள்ளாட்சி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞன் என்பதால் இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடிப் பார்க்கிறேன். ஸ்டிக்கர் மேல் உள்ள கோபத்தில், உண்மையிலேயே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஸ்டிக்கர். அதற்குள் இருப்பது ஓர் எண், அவ்வளவுதான். சில ஊர்களில் கியூஆர் கோடுக்குப் பதிலாகச் சுவரில் ஆர்எஃப்ஐடி சில்லு பதிக்கிறார்கள். அதிலும் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அது தன் எண்ணைச் சொல்லும். உங்கள் பேச்சைக் கேட்காது, படம் பிடிக்காது, பைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஜெர்மனியில் குப்பைத் தொட்டியின் விளிம்புக்கு அடியில் இப்படி ஒரு சில்லைப் பல வருடங்களாகவே பொருத்துகிறார்கள். லாரி தொட்டியைத் தூக்கும்போது, தூக்கும் கையில் உள்ள கருவி அந்த எண்ணைப் படித்து, எந்த வீட்டுத் தொட்டி எத்தனை தடவை காலி செய்யப்பட்டது என்று எழுதிக்கொள்ளும். கட்டணம் அதை வைத்து வரும்.

நம் ஊரில் இது வந்த காரணம் வேறு. வீட்டைக் கண்காணிப்பதற்கு முன்னால், வேலைக்கு வருகிற ஆளைக் கண்காணிக்க வந்தது. ஒப்பந்தக்காரர் உண்மையிலேயே எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பினாரா என்று அலுவலகத்தில் இருந்தபடியே பார்ப்பதற்கு. ஆனால் அது எப்படி நடக்கிறது என்பதை என் தெருவிலேயே பார்த்தேன். ஒரு நாள் காலை ஆறே முக்கால் மணி. பேட்டரி வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, குப்பை வாங்கும் அம்மா கையில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். தெருவில் உள்ள வீடுகளின் கோடுகளை எல்லாம் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்த அட்டை. என்னம்மா இது என்றேன். "என்ன சார் பண்றது? நாலு வீடு பூட்டியிருக்கு. ரெண்டு வீட்ல நாய். மழையில பாதி ஸ்டிக்கர் அழிஞ்சுபோச்சு. நூறு சதவீதம் காட்டலேன்னா எனக்கு ஆப்சென்ட் போட்டுருவாங்க" என்றார். அவர்மேல் எனக்குத் துளியும் குறை இல்லை. ஆனால் அன்றைக்கு என் வீட்டில் குப்பை வாங்காமலே, வாங்கியதாகக் கணினியில் பதிவாகிவிட்டது. அபராதம் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

ஆக, எண் மட்டும் இருந்தால் அது வெறும் எண். அதோடு உங்கள் பெயர், போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர், ஸ்கேன் செய்த நேரம் எல்லாம் சேரும்போதுதான் அது உங்களைப் பற்றிய பதிவாக மாறுகிறது. ஐந்து நாள் ஒரு வீட்டில் குப்பை வரவில்லை என்றால் வீடு பூட்டியிருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போயிருப்பதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் போயிருப்பீர்கள்; ஒப்பந்தக்காரரின் செயலியைத் திறக்கிற யாருக்கும் அது தெரியும். அந்தச் செயலியை யார் யார் திறக்கலாம், ஒப்பந்தம் முடிந்த பிறகு தகவல் யாரிடம் இருக்கும், எத்தனை வருடம் இருக்கும் என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் யாரிடமும் பதில் இருப்பதில்லை.

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 2006-ல் இங்கிலாந்தில், சக்கரம் வைத்த தங்கள் குப்பைத் தொட்டிகளுக்குள் சில்லு இருப்பதை மக்கள் பத்திரிகை படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பல ஊர்களில் முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை. சிலர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அதைக் கழற்றியே போட்டார்கள். சில்லு என்ன செய்யும் என்பதைவிட, நாளைக்கு அதை வைத்து என்ன செய்வார்கள் என்பதுதான் அவர்கள் கோபம். குப்பையின் அளவுக்கேற்பக் காசு வாங்குவார்களோ என்று சந்தேகப்பட்டார்கள். அது வெறும் சந்தேகமாகவும் நிற்கவில்லை. 2008-ல் வந்த பருவநிலை மாற்றச் சட்டத்தில், ஐந்து உள்ளாட்சிகள் சோதனை முறையில் அப்படி ஒரு திட்டத்தை நடத்தலாம் என்று இடம் கொடுத்தார்கள். ஓர் உள்ளாட்சிகூட முன்வரவில்லை. 2011-ல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். ரகசியமாகச் செய்ததற்குக் கொடுத்த விலை அது என்றுதான் நான் நினைக்கிறேன். முதலிலேயே வீடு வீடாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

தென் கொரியாவில் எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது. அங்கே குப்பையின் அளவுக்குக் காசு என்ற முறை 1995-லேயே வந்துவிட்டது. உணவுக் கழிவை அப்படியே நிலத்தில் கொட்டிப் புதைப்பதை 2005-ல் தடை செய்தார்கள். 2013 முதல் உணவுக் கழிவுக்கும் அளவுக்கேற்ற கட்டணம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே ஒரு பெட்டி நிற்கும். வீட்டுக்குரிய அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் கொட்டினால் எடை போடும், எத்தனை கிலோ என்று திரையில் காட்டும், மாதக் கடைசியில் பில்லில் சேரும். வீட்டில் தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுக் கொட்டும் பழக்கம் இதனால் தானாக வந்தது, ஏனென்றால் தண்ணீருக்கும் எடை உண்டு. இதுவும் கண்காணிப்புதான். ஆனால் எதை அளக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள், எவ்வளவு காசு என்பது கொட்டுகிறவர் கண்ணெதிரே இருக்கிறது. அளப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளக்கிறவர் அதை நம்மிடம் சொல்லிவிட்டு அளக்க வேண்டும்.

சரி, பைக்கு வருவோம். மேஸ்திரி உங்கள் பையைப் பிரித்துக் கொட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வீட்டின் ஒரு நாள் குப்பையை நினைத்துப் பாருங்கள். மேலே வெங்காயத் தோலும் டீத்தூளும் இருக்கும். அதற்குக் கீழே காலியான மாத்திரை அட்டை, அதில் மருந்தின் பெயர். சர்க்கரை பார்க்கும் பட்டை. செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். கூரியர் கவர், அதன்மேல் பெயரும் முகவரியும் போன் நம்பரும். கிழித்துப்போட்ட வங்கிக் கடிதம். கர்ப்பப் பரிசோதனைக் குச்சி. அந்த வீட்டுக்கு யாருமே விருந்தாளியாகப் போகாமல், அவர்கள் உடம்பையும் பணத்தையும் குடும்பத்தையும் பற்றி இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம். தூக்கிப் போட்டதால் இதெல்லாம் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-ல், ஆகிவிடும் என்றது. கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் என்ற அந்த வழக்கில், ஒரு வீட்டின் பையை மட்டும் தனியாக எடுத்துத் தரும்படி போலீசார் குப்பை எடுப்பவரிடமே கேட்டு வாங்கினார்கள். நாய், பூனை, குழந்தைகள், குப்பை பொறுக்குபவர்கள் என யார் கைக்கும் எட்டும்படி தெருவோரம் வைத்துவிட்ட பையில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது, வாரண்டு தேவையில்லை என்று 6-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதி பிரென்னன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பைக் குப்பையே அந்த மனிதர் என்ன சாப்பிடுகிறார், என்ன படிக்கிறார், எப்படி வாழ்கிறார் என்று சொல்லிவிடும் என்று தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். எனக்கு அவர் சொன்னதுதான் சரியென்று படுகிறது. எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதும், எடுத்துப் படிக்கலாம் என்பதும் ஒன்றல்ல. தபால்காரர் கையில் என் கடிதம் இருக்கிறது, அதற்காக அவர் பிரித்துப் படிக்கலாமா?

அந்த நாட்டிலேயே சில மாநிலங்கள் வேறு வழியில் போயின. நியூ ஜெர்சியும் வாஷிங்டன் மாநிலமும் 1990-லேயே, தங்கள் மாநில அரசியலமைப்பின்படி வீட்டுக் குப்பைக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டன. உங்கள் மேஸ்திரி கதைக்கு மிக அருகில் இருப்பது சியாட்டில் நகர வழக்கு. உணவுக் கழிவைச் சாதாரணக் குப்பையில் போடக்கூடாது என்று 2015-ல் அந்த நகரம் விதி கொண்டுவந்தது. தொட்டியில் 10 சதவீதத்துக்கு மேல் உணவுக் கழிவு தெரிந்தால் ஓர் அட்டையைக் கட்டிவிட்டு அபராதம் போடலாம். தனி வீட்டுக்கு அபராதம் வெறும் 1 டாலர். இருந்தும் குடியிருப்பவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2016 ஏப்ரலில் நீதிபதி பெத் ஆண்ட்ரஸ், பிரித்துப் போட வேண்டும் என்ற விதி செல்லும், ஆனால் வாரண்டு இல்லாமல் குப்பையைக் கிளறிச் சோதிப்பது மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். மூடி திறந்ததும் கண்ணில் படுவதைப் பார்ப்பது தப்பில்லை. உள்ளே கையை விட்டு ஆராய்வதுதான் தப்பு. இந்தக் கோடு எனக்கு மிகவும் நியாயமாகத் தெரிகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், செய்கிற காரியம் அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது. அதற்கு முன்பே, வங்கியில் இருக்கும் ஆவணங்கள் பற்றிய கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் பொருத்தமானது. முத்திரைக் கட்டணத்துக்காக, ஆட்சியர் யாரை வேண்டுமானாலும் வங்கிக்குள் அனுப்பி ஆவணங்களைப் பார்க்கச் சொல்லலாம் என்று ஆந்திராவில் ஒரு திருத்தம் வந்திருந்தது. அது செல்லாது என்றார்கள். அந்தரங்கம் இடத்தைச் சேர்ந்ததல்ல, மனிதரைச் சேர்ந்தது; காகிதம் வீட்டை விட்டு வங்கிக்குப் போய்விட்டதாலேயே அதன் ரகசியம் போய்விடாது என்பது அதன் சாரம். குப்பையைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஆனால் நாளை இப்படி ஒரு வழக்கில் நான் நின்றால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். வீட்டை விட்டு வெளியே வந்த பொருளுக்கும் அந்தரங்கம் உண்டு என்பதும், 'யாரை வேண்டுமானாலும்' அனுப்புவது கூடாது என்பதும், ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி பையைக் கொட்டிப் பார்க்கும் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகின்றன.

இதை வைத்து உங்கள் தெருவுக்கு ஒரு கோடு போடலாம். வாசலில் நின்று பை வாங்கும்போது மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கலந்திருந்தால் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்லலாம், எச்சரிக்கலாம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் கழிவு; உலர் கழிவு; நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு; பெயின்ட் டப்பா, பல்பு, பழைய மருந்து போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. இது நம் கடமை, தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பையைத் தெருவில் கொட்டி, உள்ளே உள்ள காகிதத்தையும் மாத்திரை அட்டையையும் புரட்டுவதற்கு இந்தக் கடமையைக் காரணம் காட்ட முடியாது. கலந்திருக்கிறது என்று தெரிய அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. போட்டோ இன்னும் மோசம். பைக்கு மேலாக ஒரு படம், ஆதாரத்துக்கு, அலுவலகப் பதிவுக்கு மட்டும் என்றால் நான் வாதாட மாட்டேன். உங்கள் முகமோ வாசல் எண்ணோ நாப்கினோ தெரியும்படி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது அவமானப்படுத்துவது. அப்படி அவமானப்படுத்த எந்த விதியும் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

அடுத்து, விவரம் கொடுக்க மறுக்கலாமா? குப்பையைப் பிரித்து ஒப்படைப்பதும் உரிய கட்டணம் கட்டுவதும் சட்டப்படி நம் பொறுப்பு என்பதால், சுவரில் ஓர் எண் ஒட்டுவதை மட்டும் எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம். வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல இதுவும் ஓர் எண் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஆதார் அப்படி இல்லை. 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, அரசின் பொதுப் பணத்தில் இருந்து வரும் மானியம், உதவி போன்றவற்றுக்கும், பான் எண், வருமான வரிக் கணக்குக்கும்தான் அதைக் கட்டாயமாக்கலாம் என்று வரம்பு கட்டியது. வாசலில் குப்பை வாங்குவது அந்த வகைகளில் வராது. கொடுக்காமல் விட்டது சரியான முடிவு. போன் நம்பரைப் பொறுத்தவரை, புகாருக்குப் பதில் வர வேண்டும் என்று விரும்பினால் கொடுங்கள், அது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்பது குப்பை வாங்கத் தேவையே இல்லை. அப்புறம் ஒன்று: நீங்கள் வாடகைக்கு இருப்பவர். இந்த எண்கள் பெரும்பாலும் சொத்து வரி எண்ணோடு இணைக்கப்படுகின்றன, அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். நாளை அபராதம் அவர் பெயரில் வந்து, உங்கள் அட்வான்ஸில் கழிக்கப்படலாம். இப்போதே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அபராதம் போட முடியுமா என்றால், முடியும். உடனடி அபராதம் விதிக்க உள்ளாட்சிகள் தங்கள் ஊருக்கென்று துணைவிதிகள் வகுத்துக்கொள்ளலாம் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. ஆனால் மேஸ்திரி வாயால் சொன்னால் அது அபராதம் ஆகாது. உங்கள் ஊர்த் துணைவிதி அரசிதழில் வந்திருக்க வேண்டும், அதில் தொகை இருக்க வேண்டும், அதை விதிக்க யாருக்கு அதிகாரம் என்று இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் கையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நகராட்சி முத்திரையோடு, எந்தத் துணைவிதியின் கீழ் என்று எழுதிய ரசீது கேளுங்கள். நான் பார்த்தவரை, அந்த ஒரு கேள்வியிலேயே பாதி மிரட்டல் அடங்கிவிடுகிறது. கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. "சார், எந்தப் பிரிவுன்னு எழுதிக் குடுங்க, கட்டிடறேன்" என்றால் போதும்.

கணினிப் பதிவை மட்டும் காட்டி, உங்கள் வீட்டில் இத்தனை நாள் பிரிக்காத குப்பை வந்தது என்று சொன்னால், என் தெருவில் பார்த்த லேமினேட் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு தப்பாக இருக்கலாம். விஷயம் நீதிமன்றம்வரை போனால், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட முறைப்படியான சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆவது பிரிவாக இருக்கிறது. அதற்கு முன்னால் அலுவலக மட்டத்திலேயே, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் ஸ்கேன் செய்தார் என்ற பதிவின் நகலைக் கேட்டு, உங்கள் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கிழிக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பதிவு இரண்டு பக்கமும் வெட்டும். வீட்டுக்கு வீடு வந்து குப்பை வாங்குவது உள்ளாட்சி நமக்குச் செய்கிற தயவு இல்லை, அதன் கடமை. குடிசைப் பகுதிகளையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று 2016 விதிகள் வெளிப்படையாகவே சொன்னன. 1980-ல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சாக்கடையும் நாற்றமும் சூழ்ந்து வாழும் மக்களிடம், தன்னிடம் காசில்லை என்று நகராட்சி சாக்குச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். திடக்கழிவுக்கென்று நாட்டில் விதிகள் வந்ததே அல்மித்ரா படேல் என்ற பெண்மணி 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால்தான்; 2000-ல் முதல் விதிகள் வந்தன. இவ்வளவு போராடிக் கிடைத்த கடமை நிறைவேறுகிறதா என்பதற்கு உங்கள் வாசல் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பதிவாகும் தினசரிக் கணக்கு இருக்கிறது. பத்து நாள் யாரும் வரவில்லை என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால், அலுவலகம் வந்ததாகச் சொல்ல முடியாது, பதிவு காட்டும். வராமலே வந்ததாகப் பதிவிருந்தால், அந்தப் பதிவை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போயிருக்கும், அதையும் கேட்கலாம். ஒரு காலண்டரில் குப்பை வாங்கிய நாட்களை மட்டும் பென்சிலால் டிக் அடித்து வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் அது பெரிய ஆவணம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அது உதவாதா என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் அந்தச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வந்தன. ஆனால் நமக்குப் பயன்படும் முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் இருந்துதான் என்று தவணை கொடுத்திருக்கிறார்கள். அவை வந்தபின், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், தப்பைத் திருத்துங்கள், தேவை முடிந்ததை அழித்துவிடுங்கள் என்று கேட்கலாம். அரசு ஒரு சட்டக் கடமையைச் செய்யும்போது நம் சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த அந்தச் சட்டத்தில் பெரிய வாசல் திறந்தே இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இருந்தாலும் தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதால், நிறுவனங்கள் இப்போதே ஒப்பந்தங்களில் கவனம் காட்ட ஆரம்பிக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. உங்களை ஒரு நாளைக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்கிறார்கள். அந்த அக்காவை நாள் முழுக்க. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா போன்ற ஊர்களில் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டி, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அலுவலகத் திரையில் பார்த்தார்கள். பல ஊர்களில் அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். கழிப்பறைக்குப் போனாலும் தெரியும் என்ற கூச்சம் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? புட்டசாமி தீர்ப்பு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. நீங்கள் மனு எழுதும்போது அந்த அக்கா பெயரை எங்கும் குறிப்பிடாதீர்கள். ஸ்கேன் ஆகாத வீடுகளுக்காக அவர் சம்பளம் பிடிக்கப்படுகிறதா என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்தால், அவர் கேட்க முடியாததை நீங்கள் கேட்டதாக இருக்கும்.

மனு என்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 6(1) பிரிவின் கீழ், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதையும் மனுவின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் செய்தீர்கள், இது நியாயமா என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் வார்டில் கியூஆர் கோடு பொருத்துவதற்கு மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல். ஒப்பந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் நகல், குறிப்பாகத் தகவல்கள் யாருக்குச் சொந்தம், எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற பகுதி. ஒட்டும்போது எந்தெந்த விவரம் வாங்க வேண்டும் என்று வழங்கப்பட்ட சுற்றறிக்கை. குப்பைப் பையைத் திறந்து சோதிக்கவும் படம் எடுக்கவும் அதிகாரம் கொடுக்கும் விதியின் நகல். அரசிதழில் வந்த துணைவிதி. என் வாசல் எண்ணுக்குரிய கடந்த மூன்று மாத ஸ்கேன் பதிவு. இவ்வளவு போதும், ஒரே மனுவில் இருபது கேள்வி அடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் வணிக ரகசியம் என்று ஒரு பதில் வரலாம். 'தகவல்' என்ற சொல்லுக்குள் ஒப்பந்தமும் அடங்கும் என்று அந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவிலேயே இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பதில் கையில் வந்ததும், பையைப் பிரிக்க அதிகாரம் கொடுக்கும் விதி என்று எதையாவது இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்த இடத்தில் 'தகவல் இல்லை' என்று எழுதியிருந்தால், அந்தத் தாளை நகல் எடுத்து உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் நகராட்சி ஆணையரிடமும் ஒன்று ஒன்று கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.